இலை? இல்லை!

"ரீச்சர், இந்த அணிலுக்கு ஏன் கோடு இல்லை?"

கேட்டவனுக்கு ஐந்து வயது. ஸ்காபரோவில் நாங்கள் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தும் பள்ளிக்கூடத்தின் பின்வளவில் பெரிய ஓக் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் கன்னங்கரேலென்று ஒரு அணில், இரண்டு கையாலும் ஒரு கொட்டையை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புரட்டாசியின் கடைசிச் சனி அது. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, அந்த வாசம் சேலையில் இருக்க, பேரனைக் கொண்டுவந்து விட்ட அம்மம்மா ஒருவரும் எங்களோடு நின்றார். அணிலின் முதுகில் ராமர் தடவிய கதையை வீட்டில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இப்போது என்ன சொல்வது என்று என் முகத்தைப் பார்த்தார்.

"ராமர் தடவ மறந்திட்டாரோ?" என்றாள் ஒருத்தி.

"இல்லை. அவர் கனடாவுக்கு வரேல்லை" என்று இன்னொருவன் கதையை முடித்துவிட்டான்.

அம்மம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தப் பதிமூன்று பிள்ளைகளும் தமிழில் நடந்த ஒன்றுக்காக ஒன்றாகச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான் முதல் தடவை. வகுப்பு தொடங்கி ஐந்து கிழமை ஆகியிருந்தது.

நாலு வயதிலிருந்து ஆறு வயது வரைக்குமான பிள்ளைகள் அவர்கள். வீட்டில் தமிழ் கேட்கும், ஆனால் பதில் ஆங்கிலத்தில் வரும். காலை ஒன்பது மணிக்கு நித்திரை தூங்கும் கண்ணோடு வருவார்கள். இரவல் வகுப்பறை. கதிரைகளை எப்படி இருந்தனவோ அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும், சுவரில் ஒட்டியிருப்பதைத் தொடக்கூடாது. இந்த இரண்டரை மணித்தியாலத்துக்குள் தமிழ் அவர்களுக்கு ஒரு பாடமாக மட்டும் போய்விடக்கூடாதே என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

அணில் எங்களைக் கண்டதும் ஒரு வேலை செய்தது. ஒரு இடத்தில் மண்ணைக் கிளறியது, குனிந்தது, கையால் தட்டி மூடியது. ஆனால் கொட்டை இன்னும் அதன் வாயில் இருந்தது! இரண்டடி ஓடி இன்னொரு இடத்தில் அதையே செய்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இந்த அணில்கள் புதைப்பது போல நடிக்கும் என்று வாசித்திருக்கிறேன். மற்ற அணில் வந்து களவெடுக்காமல் இருக்கத்தான் இந்த வித்தை. கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும் ஒரே இனம்தான், நிறம் மட்டும் பிறப்பில் வேறு. ஒவ்வொரு கொட்டையையும் தனித்தனிக் குழியில் வைப்பார்கள். பனிக்காலத்தில் நினைவை வைத்தும் மணத்தை வைத்தும் தேடி எடுப்பார்கள். எடுக்காமல் விட்டதில் சிலது முளைத்து மரமாகும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அப்ப அவர் மறந்திடுவாரோ?" என்று சிவப்புத் தொப்பிக்காரன் கேட்டான். "சில நேரம் மறந்திடுவார்" என்றேன். அவனுக்கு அதை நம்பவே முடியவில்லை. சாப்பாட்டை ஒளித்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை ஒருவர் மறப்பதா! வகுப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பாட்டு அங்கேயே பிறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசியின் கடைசிச் சனியில் பெற்றோருக்கு ஒரு சின்ன நிகழ்ச்சி செய்வது எங்கள் வழக்கம். சின்ன வகுப்புக்கு எப்போதும் இலையுதிர்காலப் பாட்டுத்தான். முந்தின வருடம் நான் எழுதிக் கொடுத்த பாட்டில் இயற்கை அன்னை இருந்தாள், வண்ண ஆடை இருந்தது, எழில் இருந்தது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாயை அசைத்தார்கள். பெற்றோர் கை தட்டினார்கள். அடுத்த கிழமை அதில் ஒரு வரியைக்கூட யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

யோசித்துப் பார்த்தால், "இலையுதிர்காலம்" என்ற சொல்லே இந்த வயதுக்குப் பெரிய பாரம். ஊரில் எங்களுக்கு அது வாயில் வந்த சொல்லும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மாரி. மழை, வெள்ளம், தவளை. வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். பழைய இலக்கணம் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்கிறது. சொல் சின்னது, அழகானது, வழக்கில் இல்லை. ஆனால் அந்தக் கூதிரைப் பாடிய நெடுநல்வாடையைத் திரும்ப எடுத்துப் படித்தபோது எனக்கு ஒரு வழி கிடைத்தது. அதில் குளிரால் ஆடுமாடு மேய மறந்துபோகும். குரங்கு குறுகிப்போய் இருக்கும். கன்று பால் குடிக்க வந்தால் பசு உதைத்துத் தள்ளும். இடையர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் பல் கிடுகிடுக்க நடுங்குவார்கள். மலைக்கே குளிரெடுத்தது போன்ற நடு இரவு என்று வரும். அது துயரப் பாட்டுத்தான், பிரிந்திருக்கிற அரசியின் பாட்டு. ஆனாலும் மேய மறந்த மாட்டையும் குளிரெடுத்த மலையையும் ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு நடித்துக் காட்டிப் பாருங்கள்! எங்கள் வகுப்பில் மலையாக நிற்க ஆறு பேர் போட்டி போட்டார்கள். கையை விரித்து, தோளைத் தூக்கி, "கிடுகிடு கிடுகிடு" என்று மலை நடுங்கியது.

பருவத்தைப் பற்றிப் பாடாமல், பருவத்தில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பாட வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

சரி, இந்த வயதுப் பிள்ளை எதற்குச் சிரிக்கும்? சொல்லை இரண்டு பொருளில் வைத்து விளையாடும் சிலேடை பெரியவர்களுக்கு. இவர்களுக்கு வேண்டியது, பாட்டில் வருபவருக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்திருப்பது. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பொருள் இருப்பது. பெரிய ஆள் ஒருவர் தடுமாறுவது. அப்புறம், அதே தடுமாற்றம் திரும்பத் திரும்ப வருவது. பெரியவர்களுக்கு இரண்டாம் தரம் சலிக்கும். பிள்ளைக்கு மூன்றாம் தரத்தில்தான் சிரிப்பு உச்சிக்குப் போகும், ஏனென்றால் வரப்போகிறது என்று அதற்கு முன்னமே தெரியும்.

அதனால் அணிலுக்கு மரியாதை கொடுத்தேன். ஊர்க் கதைகளில் நரியார் வருவார், முயலார் வருவார். எங்கள் பாட்டில் அணிலார். மீசை வைத்த, அவசரமான, மதிப்பான மனிதர் அவர். அவரை "நீ" என்று கூப்பிட முடியாது, "நீங்கள்" என்றால் கொஞ்சம் கூட. "நீர்" தான் சரி. இங்கே பிறந்த பிள்ளைகளின் காதில் "நீர்" விழுவதே அரிது. அம்மம்மாவும் அப்பப்பாவும் ஒருவரோடு ஒருவர் பேசும்போது மட்டும் கேட்டிருப்பார்கள். பாட்டின் இரண்டாவது வரியிலேயே "எங்கே போறீர்?" என்று வைத்தேன். முதல் நாள் அதைச் சொல்லிக் கொடுத்தபோது ஒருத்தி, "அது அப்பப்பா கதைக்கிற மாதிரி!" என்று கத்தினாள்.

பாட்டு இதுதான்:

அணிலாரே, அணிலாரே,
அவசரமாய் எங்கே போறீர்?
பனி வருகுது, பனி வருகுது,
புதைக்க வேணும் கொட்டை ஒன்று!

விறுவிறென்று குழி பறித்தார்,
விழுந்த இலையால் மூடி வைத்தார்,
யாரும் பார்க்கவில்லை என்று
மீசை தடவிச் சிரித்துக்கொண்டார்.

காற்றடிச்சுது, இலை பறந்தது,
கண்ட இடமெல்லாம் சரசர சரசர!
எங்கே வைச்சேன், எங்கே வைச்சேன்?
ஐயையோ, மறந்து போச்சே!

தொப்பிக்குள்ளே? – இல்லை!
சப்பாத்துக்குள்ளே? – இல்லை!
அம்மம்மாவின் கைப்பைக்குள்ளே? – இல்லை, இல்லை, இல்லை!
மரத்தின் மேலே? – இலை இல்லை!
மரத்தின் கீழே? – இலை! இலை! இலை!

கடைசி இரண்டு வரியும் நான் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஒத்திகையில் ஒரு பிள்ளை "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இலை" என்று சொல்லிவிட்டது. ஒற்றை லகரத்தையும் இரட்டை லகரத்தையும் பிரித்துச் சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கடினம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய்யை அப்படி அழுத்தி நிறுத்திச் சொல்லும் தேவை இல்லை. நான் கையில் ஒரு மேப்பிள் இலையைத் தூக்கி, "இது என்ன?" என்றேன். "இலை!" இலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "இப்ப?" ஒரு கணம் அமைதி. பிறகு அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் பாய்ந்து சொன்னான்: "இலை... இல்லை!"

அவ்வளவுதான், வகுப்பு போய்விட்டது. "இலை! இல்லை! இலை! இல்லை!" என்று பத்து நிமிடம். நான் இலையைக் காட்டக் காட்ட, மறைக்க மறைக்க, அவர்கள் கதிரையிலிருந்து விழுந்து எழும்பிச் சிரித்தார்கள். இந்தப் பருவம் முழுவதும் தமிழில் ஒரு லகர மெய்க்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. மரத்தைப் பார்த்து "இலை இல்லை" என்று சொன்னால் போதும், வேறென்ன இருக்கிறது? இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. ஒரு பிள்ளையின் நாக்குத் தவறித்தான் வெளியே வந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொன்றும் நடந்தது. வகுப்பில் ஒரு சின்னவள், நாலு வயது, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. வருவாள், மேலங்கியைக் கழற்ற விடமாட்டாள், கதவுக்குப் பக்கத்தில் இருப்பாள். பேசச் சொல்லி நானும் நெருக்கவில்லை. அன்று நான் இலையை மறைத்தபோது எல்லோரும் கத்தி முடித்த பிறகு, ஒரு துளி தாமதமாக, கதவுப் பக்கமிருந்து சின்னக் குரலில் "இல்லை" என்று வந்தது. இரட்டை லகரம் அவ்வளவு சுத்தமாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். இலையை மறுபடி காட்டினேன், மறுபடி மறைத்தேன்.

பயிற்சியில் சில விஷயங்கள் எனக்குத் தெளிவாகின. சின்னப் பிள்ளைகளோடு பாடுகிற யாருக்கும் உதவக்கூடும் என்பதால் சொல்கிறேன். இந்த வயதில் பாடுவதையும் அபிநயத்தையும் ஒன்றாகச் செய்வது பலருக்குக் கடினம். கையை அசைத்தால் குரல் நின்றுவிடும். குரலைக் கவனித்தால் கை தொங்கும். ஒரு வரி பாடுவது, அடுத்த நாலு தட்டுக்குப் பாடாமல் நடிப்பது என்று பிரித்தேன். "குழி பறித்தார்" – நிறுத்து – எல்லோரும் பறிக்கட்டும். அப்புறம், பெரியவர்கள் தங்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் தொடங்கிவிடுகிறோம். பிள்ளைகள் அங்கே இறங்க முடியாமல் பேச்சுக் குரலில் கத்துவார்கள். எனக்குக் கொஞ்சம் உயரமாகத் தோன்றிய இடம்தான் அவர்களுக்கு இயல்பான இடம். மெட்டு ஐந்து சுரத்தைத் தாண்டவில்லை. தாளம் கையால் நாலு தட்டு, அவ்வளவே.

முக்கியமானது அந்த "க்குள்ளே" இடம். அதை வெறுமையாக விட்டேன். தொப்பியும் சப்பாத்தும் என்னுடையவை. மற்றதெல்லாம் பிள்ளைகள் போட்டார்கள். குளிர்ப்பெட்டிக்குள்ளே? இல்லை! ரீச்சரின் காதுக்குள்ளே? இல்லை! ஒருவன் எழும்பி நின்று, மிகுந்த கவனத்தோடு, "அப்பாவின்... மூக்கு... க்குள்ளே?" என்றான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. வேற்றுமை உருபை அட்டவணை போட்டுப் படிப்பித்தால் இந்தப் பிள்ளை "அப்பாவின்" என்று "இன்" சேர்த்துச் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

ஒரு தாய் என்னை வாசலில் நிறுத்தி, "ரீச்சர், கொஞ்சம் நல்ல கருத்துள்ள பாட்டா இருந்தா வடிவா இருக்குமே, மூக்கு அது இது எண்டு..." என்றார். அன்பாகத்தான் கேட்டார். மொழி மேல் அவருக்கு இருக்கும் மரியாதைதான் அப்படிக் கேட்க வைத்தது, அது எனக்கும் தெரியும். நான் ஒன்றுதான் கேட்டேன்: "வீட்டில பாடுறாவோ?" "குளிக்கேக்க, சாப்பிடேக்க, காருக்குள்ள, எந்த நேரமும்." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூக்கு இருந்தது.

நிஜக் கொட்டை பயன்படுத்த முடியாது. சின்னப் பிள்ளை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். ஒவ்வாமை பயமும் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2006 முதல் சப்ரினா சட்டம் என்று ஒன்று இருக்கிறது, உயிராபத்தான ஒவ்வாமைக்கு ஒவ்வொரு கல்விச் சபையும் ஒழுங்கு வைத்திருக்க வேண்டும். அதனால் என் கணவரின் மண்ணிறக் கம்பளி மேஸ் (காலுறை) ஒன்றை உருண்டையாகச் சுருட்டித் தைத்தேன். பிள்ளைகளுக்கு அது மேஸ் என்று தெரியும். கொட்டையை மணந்து பார்த்து "சீ!" என்று அணிலார் மூக்கைப் பொத்துவதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

இலைதான் பெரிய வேலை. ஈர இலை சத்தம் போடாது, "சரசர" வராது. ஆளுக்கொரு கடதாசிப் பை கொடுத்து, காய்ந்த இலை கொண்டுவரச் சொன்னேன். அந்தக் கிழமை முழுக்க மழை. அம்மம்மாமார் வீட்டு நிலவறையில் பழைய பத்திரிகையை விரித்து, கணப்புக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் இலை உலர்த்தினார்கள். ஊரில் பனங்கிழங்கை அவித்துப் புழுக்கொடியல் காயப்போட்ட கைகள் அவை. ஒருவர் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் போட்டு உலர்த்தியிருந்தார், ஒரு இலைகூட உடையவில்லை.

பைகளைக் கொட்டி, வகுப்பில் நிறம் பிரித்தோம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. தமிழில் இலையின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. தளிரும் கொழுந்தும் இந்தக் காலத்தில் கிடைக்காது. இலையும் பழுப்பும் சருகும் மூன்று குவியல். சருகை நொறுக்கிப் பார்த்துத்தான் சருகு என்று முடிவு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் சட்டம் போட்டுக்கொண்டார்கள். அப்போது ஒருவன் கேட்டான், இலை விழும்போது மரத்துக்கு நோகாதா என்று.

குனிந்து ஒரு காம்பின் அடியைக் காட்டினேன். நுனி மழமழவென்று, ஆறின புண் மாதிரி இருந்தது. பகல் குறையத் தொடங்கியதும் மரம் காம்பின் அடியில் ஒரு மெல்லிய படலத்தை வளர்த்து, இலைக்குப் போகும் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுகிறது. பச்சையம் கரைந்து போகப்போக, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் புதிதாக உண்டாவது, மேப்பிள் அந்தக் கடைசி நாட்களில் இலையில் மிஞ்சின சர்க்கரையை வைத்துச் செய்வது. காம்பு விழும்போது கீழே தோல் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். "அப்ப நோகாது" என்றேன். அவன் ஒரு இலையை எடுத்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம், "நோகாதாம்" என்று சொன்னான். கடைசிச் சிவப்பு இலையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நிகழ்ச்சி நாள். மண்டபத்தின் நடுவில் சருகுக் குவியல், முழங்கால் உயரம். சிவப்புத் தொப்பிக்காரன்தான் அணிலார், அட்டையில் வெட்டிய மீசையோடு. நாலு பேர் காற்று, மூன்று பேர் குளிரெடுத்த மலை, மீதிப் பேர் மரம். கதவுப் பக்கத்துச் சின்னவளுக்கு என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். மேலங்கியைக் கழற்றாமல், "இலை" என்றாள். குவியலின் ஓரத்தில் இலையாகப் படுத்துக்கொண்டாள்.

பாட்டின் முதல் இரண்டு பந்தியும் நன்றாகப் போயிற்று. அணிலார் மூன்று இடத்தில் புதைப்பது போல நடித்தார், ஓக் மரத்தடியில் பார்த்தது அப்படியே இருந்தது. நாலாவது இடத்தில் உண்மையாகப் புதைத்தார். மீசையைத் தடவினார். "காற்றடிச்சுது" என்றதும் நாலு காற்றும் ஒரே நேரத்தில் குவியலுக்குள் பாய்ந்தன. ஒத்திகையில் இப்படி அடிக்கவில்லை. இலை மண்டபமெங்கும் பறந்தது. முதல் வரிசையில் இருந்த அப்பப்பாவின் தலையில் மூன்று மேப்பிள் இலை.

"எங்கே வைச்சேன், எங்கே வைச்சேன்?" என்று பாடிக்கொண்டு அணிலார் குவியலைக் கிளறினார். திட்டப்படி மூன்றாம் தேடலில் மேஸ் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மீசை ஒரு பக்கம் தொங்கியது. கண்ணில் நீர் முட்டத் தொடங்கிவிட்டது, கீழுதடு வெளியே வந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டான், உண்மையாகவே தொலைந்துவிட்டது. நான் எழும்பப் போனேன்.

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மம்மாவின் குரல், "சப்பாத்துக்குள்ள பாரும், அணிலார்!"

அவன் திரும்பினான். தன் சப்பாத்தைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து உதறினான். பதிமூன்று பிள்ளைகளும், "இல்லை!"

"தொப்பிக்குள்ளே?" என்று யாரோ ஒரு தகப்பன். தொப்பியை உதறினான். "இல்லை!" இப்போது மண்டபம் முழுக்கச் சேர்ந்து சொன்னது. "பொக்கற்றுக்குள்ள?" "இல்லை!" "சேட்டுக்குள்ள?" "இல்லை!" வாசலில் என்னிடம் கருத்துள்ள பாட்டுக் கேட்ட அந்தத் தாய் எழும்பி நின்று, தன் கைப்பையை அகல விரித்து, "அம்மான்ர கைப்பைக்குள்ள?" என்று கேட்டார். அணிலார் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். "இல்லை, இல்லை, இல்லை!" அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. அவனே சிரித்துக்கொண்டிருந்தான், மீசை இல்லாமல். ஒரு தரம் பாட வேண்டிய கடைசிப் பந்தியை ஏழு தரம் பாடினோம். "மரத்தின் மேலே?" என்றால் பெற்றோர் கையை விரித்து "இலை இல்லை!" என்றார்கள். "மரத்தின் கீழே?" என்றால் பிள்ளைகள் சருகை அள்ளி அள்ளி எறிந்து "இலை! இலை! இலை!" என்றார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற இளம் தகப்பன் ஒருவர், வீட்டில் தமிழ் பேசவே கூச்சப்படுகிறேன் என்று ஒருமுறை சொன்னவர், தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்.

மண்டபத்தைக் கூட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. பதினொரு கடதாசிப் பை நிறைந்தது. ஒவ்வொரு பையையும் கையால் துழாவிப் பார்த்தோம். மேஸ் இல்லை.

அன்றிரவு ஒரு குரல் செய்தி வந்தது, கதவுப் பக்கத்துச் சின்னவளின் தாயிடமிருந்து. மேலங்கியைக் கழற்றித் தொங்கவிடப் போனபோது, பின்னால் தொங்கும் குல்லாவுக்குள் மேஸ் இருந்திருக்கிறது. காற்றடித்தபோது இலையோடு இலையாய் விழுந்திருக்க வேண்டும். செய்தியின் பின்னணியில் அவள் குரல் கேட்டது. தாய் கேட்கிறார்: "ரீச்சரிட்டத் திருப்பிக் குடுப்பமோ?" அவள், தெளிவாக: "இல்லை!"

இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

கார்த்திகையில் முதல் பனி கொட்டியது. மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தாகிவிட்டது, ஓக் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சில சருகைத் தவிர ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தபோது மரத்தடியில் அதே கறுப்பு அணில், அல்லது அதைப் போன்ற ஒன்று, பனிக்குள் தலையைப் புதைத்து ஆவேசமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு குழி, ஒன்றுமில்லை. இரண்டடி தள்ளி இன்னொரு குழி, ஒன்றுமில்லை. நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் பார்த்தது, மூக்கில் ஒரு பொட்டுப் பனி.

சிவப்புத் தொப்பிக்காரன் வரிசையை விட்டு ஓடினான். வேலிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான்:

"அணிலாரே! சப்பாத்துக்குள்ள பாரும்!"

அணில் ஒரு கணம் அவனையே பார்த்தது. பிறகு மூன்றாவது குழியைத் தோண்டத் தொடங்கியது.